கார்க்கியின் நூல்களில் அடியுண்ட இல்லத்துக் குழந்தை

உருசிய எழுத்தாளர் மாக்சிம் கார்க்கியைத் தமிழுலகம் ‘தாய்’ என்னும் புதினத்தின் வாயிலாகவே நன்கறியும். அப்புதினத்தைப் பற்றித் தமிழில் எழுந்த திறனாய்வுகள் பலவும் அதனைத் தொழிலாளர் எழுச்சியைக் கூறும் நூலாகவே நோக்கியுள்ளன. அந்நோக்குப் பிழையன்று. ஆயினும், எழுச்சிக்கு முன்னர் அந்நூலில் ஓர் இல்லம் வருகிறது. அவ்வில்லத்தில் கணவன் மனைவியை அடிக்கிறான்; அதனைக் கண்டவாறே ஒரு சிறுவன் வளர்கிறான். ஊர்வலத்தையும் கொடியையும் காண விரையும் கண்கள் இவ்வில்லத்தைக் கணநேரத்தில் கடந்து விடுகின்றன.

1906ஆம் ஆண்டில் ‘தாய்’ எழுதப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, 1913, 1914ஆம் ஆண்டுகளில், கார்க்கி தம் இளமை வரலாற்றைக் ‘குழந்தைப் பருவம்’ என்னும் பெயரால் வெளியிட்டார். ‘மக்களிடையே’, ‘யான் பயின்ற பல்கலைக்கழகங்கள்’ என்பன அதனைத் தொடர்ந்து வந்தவை. புதினத்தையும் வரலாற்றையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். இரண்டினுள்ளும் ஆசிரியர் விடாது ஆராய்வது ஒரே வினாவையே. அடியும் அலறலும் நிறைந்த இல்லத்தில் வளர்ந்த குழந்தையின் உள்ளம் எவ்வாறு ஆறும் என்பதே அவ்வினா.

இவ்வினாவுக்கு நம்மவர் சிலர் எளிய விடை ஒன்று வைத்துள்ளனர். துன்பமே கார்க்கியை எழுத்தாளர் ஆக்கிற்று என்பது அவ்விடை. ‘கார்க்கி’ என்னும் புனைபெயர் கசப்பு என்று பொருள்படுவதனையும் அவர்கள் அதற்குச் சான்றாகக் காட்டுவர். இக்கருத்தினை யாம் உடன்படவில்லை. துன்பம் ஆக்கிற்று என்பது உண்மையாயின், அவ்வில்லத்தில் அதே அடியைப் பட்ட பிற சிறுவரும் அவ்வாறே உயர்ந்திருத்தல் வேண்டும். அவர்கள் உயர்ந்திலர். ஆகவே அலெக்சிக்குக் கிடைத்து மற்றவர்க்குக் கிடையாத ஒன்றையே நாம் தேடுதல் வேண்டும்.

1. காஷிரின் இல்லம்

கார்க்கியின் இயற்பெயர் அலெக்சி மாக்சிமோவிச் பெஷ்கோவ். 1868ஆம் ஆண்டில் வோல்கா ஆற்றங்கரையிலுள்ள நிழ்னி நோவ்கொரோத் நகரில் அவர் பிறந்தார். 1871ஆம் ஆண்டில் அவர் தந்தை வாந்திபேதி நோயால் இறந்தார். தாய் வர்வாராவும் மகனும் பாட்டனாராகிய காஷிரின் இல்லத்தை அடைந்தனர். பாட்டனார் சாயத்தொழில் நடத்தியவர். அவ்வில்லத்தில் மாமன்மார் இருவர் சொத்துக்காக ஒருவரோடு ஒருவர் மோதினர். அவருள் யாக்கவ் என்பவன் தன் மனைவியை அடித்தே கொன்றவன் என்று நூல் கூறுகிறது. இன்று அவ்வீடு அருங்காட்சியகமாகக் காக்கப்படுகிறது.

சாயத்தின் விந்தையில் மயங்கிய சிறுவன் அலெக்சி, விழாநாளில் விரிக்கும் வெண்ணிற மேசை விரிப்பு ஒன்றை நீலச் சாயத்தில் தோய்த்து விடுகிறான். அவ்வாறு செய்யத் தூண்டியவன் யாக்கவின் மகன் சாஷா. பின்னர், தான் அடிபடுங்கால், விரிப்பைப் பற்றிச் சொன்னவன் தானே என்று கூறித் தப்ப முயல்பவனும் அவனே. பாட்டனார் மிலாற்றினால் அலெக்சியை நினைவிழக்கும்வரை அடிக்கிறார். சிறுவன் பல நாள் நோயுற்றுக் கிடக்கிறான்.

இந்நிகழ்ச்சியில் சாஷாவை நாம் மறத்தலாகாது. தாயை அடித்துக் கொன்ற தந்தைக்கு மகன் அவன். அச்சம் ஆளும் இல்லத்தில் அவன் கற்ற வித்தை காட்டிக்கொடுத்தல். அவனை இயல்பிலேயே கீழ்மகன் என்று கூறுவது எளிது; கார்க்கி அவ்வாறு கூறவில்லை. தன்னைக் காப்பார் எவருமில்லை என்று அறிந்த குழந்தை, வலியவன் பக்கம் சாய்ந்து தன்னைத் தானே காத்துக்கொள்ள முனைகிறது. இஃது இழிவேயாயினும், இளம் உள்ளம் தேடிக்கொண்ட ஒரு புகலிடம் என்பதும் மெய்யே.

அடித்த பாட்டனாரையும் ஆசிரியர் அரக்கராகப் படைத்திலர். நோயுற்ற பேரனிடம் தின்பண்டங்களோடு வந்து அமர்ந்து, இளமையில் தாம் வோல்காவில் படகிழுக்கும் கூலியாளாக உழைத்த கதையை அவர் கூறுகிறார். அவனுக்கு எழுத்தறிவிப்பவரும் அவரே. அடிக்கும் கையும் எழுத்தறிவிக்கும் கையும் ஒன்றாயிருத்தலே இத்தகைய இல்லத்துக் குழந்தையின் பெரும் இடர்ப்பாடு. அயலானை வெறுத்தல் எளிது. தனக்கு இனிப்பும் எழுத்தும் தந்தவரை முழுதும் வெறுத்தல் குழந்தைக்கு இயலாது. முழுதும் அன்பு செய்தலும் இயலாது. இவ்விரண்டிற்கும் இடையே அதன் உள்ளம் பிளவுறுகிறது.

2. அச்சமும் வெகுளியும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கு என்று வகுத்தார். தெய்வம், விலங்கு, கள்வர் என்பவற்றோடு ஒருவர்க்குத் தலைவராய் அமைந்தாரையும் அவர் சேர்த்து எண்ணினார். முதல் மூன்றும் பெரும்பாலும் இல்லத்திற்குப் புறத்தே உள்ளவை. அவற்றிற்கு அஞ்சினார் இல்லத்துள் புகுந்து கதவடைக்கலாம். நான்காவது இல்லத்துள்ளேயே இருப்பின், அஞ்சுவார் எங்குப் புகுவர்? காஷிரின் இல்லத்துச் சிறுவனின் அச்சம் இத்தகையது.

வெகுளிக்கு உரிய நிலைக்களன்களுள் அலைத்தலையும் தொல்காப்பியர் எண்ணினார். அலைக்கப்பட்டார்க்கு வெகுளி தோன்றுதல் இயல்பு என்பது இதனால் பெறப்படும். கார்க்கியின் நூலில் இவ்வெகுளி இருமுறை எழுந்து நிற்கிறது.

ஒருநாள் பாட்டனார் பாட்டியை அடிக்கிறார். தலை வலிக்கிறது என்று பாட்டி கூறச் சிறுவன் அவள் கூந்தலை ஆராய்கிறான். கொண்டை ஊசி தலையின் தோலுக்குள் ஆழப் பதிந்திருத்தலைக் காண்கிறான். அதனைத் தன் கையாலேயே பிடுங்கி எடுக்கிறான். இதற்குப் பழிவாங்க எண்ணி, பாட்டனார் போற்றும் புனிதர் படங்களின் தலைகளைக் கத்தரிக்கோலால் வெட்டத் தொடங்குகிறான். பாட்டனாரின் உடலைத் தொட அவனுக்கு வலிமையில்லை. அவர் பெரிதெனக் கருதுவதனைத் தொடுகிறான். வெளியார் கண்ணுக்கு இஃது ஒரு சிறுவனின் குறும்பு. காரணம் அறிந்தார்க்கு, பேச இயலாத ஒருவன் எழுதிய முறையீடு.

இரண்டாம் நிகழ்ச்சி இதனினும் கொடியது. தாய் வர்வாரா மறுமணம் செய்துகொள்கிறாள். மாற்றாந்தந்தை அவளைக் காலால் மார்பில் உதைப்பதைக் கண்ட சிறுவன், மேசை மேலிருந்த கத்தியை எடுத்து அவன் விலாவில் குத்துகிறான். இறந்த தந்தையின் பொருள்களுள் எஞ்சியது அக்கத்தி ஒன்றே. தாய் கணவனைத் தள்ளி விடுகிறாள். கத்தி ஆடையைக் கிழித்துத் தோலைக் கீறுவதோடு நிற்கிறது. அவனைக் கொன்று தானும் சாவதாகச் சிறுவன் தாயிடம் கூறுகிறான். கொலையும் தற்கொலையும் ஒரே மூச்சில் ஒரு சிறுவன் வாயில் வருகின்றன. அடி தன்மேல் விழாதபோதும் அதனைக் காணும் குழந்தை எவ்வளவு அடிபடுகிறது என்பதனை இதனினும் தெளிவாகக் கூறிய இடம் அரிது.

இந்நிகழ்ச்சிக்குப் பின் கார்க்கி கதையை நிறுத்தித் தம்மையே வினவுகிறார். இத்தகைய அருவருப்புகளை எழுதுதல் தகுமோ என்பது வினா. தகும் என்பதே அவர் விடை. இவை இன்னும் மாயாத உண்மை. வேரோடு களைவதற்கு வேரளவும் அறிதல் வேண்டும் என்பது அவர் கருத்து. நாற்பது வயதைக் கடந்த ஒருவர் தம் புண்ணைத் தாமே திறந்து நோக்குங்கால் கூறியது இது. மறைத்து வைத்தலால் புண் ஆறாது என்னும் கொள்கையே ‘குழந்தைப் பருவம்’ முழுவதற்கும் அடிப்படை என்று யாம் கருதுகிறோம்.

3. அலெக்சிக்குக் கிடைத்தவை

சாஷாவுக்குக் கிடையாமல் அலெக்சிக்குக் கிடைத்தவை யாவை? முதலாவது, பாட்டி அக்குலினா இவானோவ்னா. தந்தையை இழந்த நாள் முதல் அவள் அவனை விட்டு நீங்கவில்லை. அவள் கதைகள் கூறினாள். அக்கதைகளில் கடவுள் அன்புடையவர். பாட்டனாரின் கடவுளோ தண்டிப்பவர். சிறுவன் இவ்விருவரையும் ஒப்பிட்டுப் பாட்டியின் கடவுளைத் தனக்கென்று தேர்ந்துகொள்கிறான். அஞ்சுதற்குரிய உலகம் ஒன்றே உலகம் அன்று என்பதனை அவன் அறிந்தது பாட்டியின் கதைகளால். அவற்றைப் பொழுதுபோக்கு என்று மட்டும் கருதுதல் குறைந்த மதிப்பீடாகும்.

இரண்டாவது, அடியைத் தன்மேல் ஏற்ற ஒருவன். சிகானோக் என்னும் இளைஞன் மிலாறு விழும்போது தன் கையை இடையே நீட்டிச் சிறுவனின் வலியைக் குறைக்கிறான். அடுத்த முறை உடலை இறுக்காமல் தளர்த்திக் கிடக்கவும் கற்பிக்கிறான். அடியையே தடுக்க அவனால் இயலவில்லை. ஆயினும், நீ படுவதை நான் கண்டேன் என்று உணர்த்த இயன்றது.

மூன்றாவது, செவி கொடுத்த ஒருவர். அவ்வீட்டில் குடியிருந்த, ‘நல்லது’ என்று அடைபெயர் பெற்ற ஒருவர், பாட்டியின் கதையைக் கேட்டு உள்ளம் கலங்கி, அவற்றையெல்லாம் எழுதி வைக்குமாறு சிறுவனைத் தூண்டுகிறார். வீட்டார் அவரை வெறுத்து வெளியேற்றுகின்றனர். எழுதுக என்று முதலில் கூறியவர் அவர் என்பது நோக்கத்தக்கது.

உடன் நிற்பவர், கண்டறிபவர், செவிகொடுப்பவர் என்னும் இம்மூவருமே அலெக்சியைச் சாஷாவினின்றும் வேறாக்கியவர். கசப்பு இருவர்க்கும் பொது. இம்மூவர் ஒருவனுக்கே உரியர்.

4. பாட்டியின் எல்லை

பாட்டியைப் புகழ்வதோடு நிறுத்துதல் திறனாய்வு ஆகாது. அவள் தந்த ஆறுதலுக்கு ஓர் எல்லை இருந்தது. அதனையும் கார்க்கி மறைக்கவில்லை. கொண்டை ஊசியைப் பிடுங்கிய பேரனிடம், இதனை எவர்க்கும் கூறாதே என்று அவள் வேண்டுகிறாள். அவர் கணவர், மூத்தவர், பொறுப்பதே தன் கடன் என்பது அவள் அறம். அவ்வறத்தில் பேரருள் உண்டு. அதே வேளையில், சிறுவனின் சிறிய தோள்மேல் ஏற்றிய ஒரு மறைபொருளும் உண்டு. அவன் கத்தரிக்கோலை எடுத்தது அம்மறைபொருளைச் சுமந்த பின்னரே. பேசக் கூடாத வாய்க்குக் கைகள் பேசின.

இவ்வெல்லையின் விளைவு பிற்காலத்திலும் தொடர்கிறது. 1879ஆம் ஆண்டில் தாய் காசநோயால் இறக்க, பாட்டனார் சிறுவனைப் பிழைப்புத் தேடுமாறு வெளியே அனுப்பி விடுகிறார். 1887ஆம் ஆண்டில் பாட்டி இறந்தாள். கசான் நகரிலிருந்த இளைஞருக்கு அச்செய்தி அடக்கம் முடிந்து பல வாரங்கள் கழித்தே எட்டிற்று. அவளைப் பற்றி யாரிடமேனும் சொல்ல அவர் ஏங்கினார்; சொல்வதற்கு ஒருவரும் இல்லை. மகனை இழந்த வண்டிக்காரன் தன் குதிரையிடம் துயரைக் கூறியதாகச் செகாவ் எழுதிய கதையைப் பின்னாளில் படித்தபோது, தமக்கு அன்று ஒரு குதிரையும் இல்லையே என்று நினைந்ததாக ‘யான் பயின்ற பல்கலைக்கழகங்கள்’ கூறுகிறது. அவ்வாண்டின் இறுதியில், டிசம்பர்த் திங்களில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். அதற்கு இஃதொன்றே காரணம் என்று யாம் கூறவில்லை. ஆனால், துன்பம் மனிதனை உரமாக்கும் என்று எளிதில் பேசுவார் இவ்வாண்டினை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

5. சுத்தியலும் சுங்கானும்

இனித் ‘தாய்’ புதினத்திற்கு மீள்வோம். ஆலைத் தொழிலாளி மிகயீல் விலாசவ் மனைவி பெலகேயாவை நாள்தோறும் வதைப்பவன். மகன் பாவெலுக்குப் பதினான்கு வயதாகும்போது தந்தை அவன் மயிரைப் பற்றி இழுக்க முயல்கிறான். மகன் கனத்த சுத்தியலை எடுத்து, தன்னைத் தொடாதே என்கிறான். அன்று முதல் தந்தை மகனோடு பேசுதலையே விட்டு விடுகிறான்.

பலரும் இச்சுத்தியலையே போற்றினர். வருங்காலப் போராளியின் முதல் அறிகுறி இஃதென்றனர். ஆனால் ஆசிரியர் அதனை அடுத்து வைத்த காட்சியை நோக்குக. தந்தை இறந்து இரண்டு வாரம் ஆகின்றது. ஞாயிற்றுக்கிழமையன்று பாவெல் குடித்துவிட்டு வருகிறான். தந்தையைப் போலவே மேசைமேல் குத்தித் தாயிடம் உணவு கேட்கிறான். தந்தையின் சுங்கானையும் கொண்டுவரச் சொல்கிறான். சுத்தியல் ஏந்திய கை இப்பொழுது சுங்கானுக்கு நீள்கிறது. தந்தையை எதிர்த்து நின்றவனுள்ளேயே தந்தை குடிபுகுந்து விட்டான். எதிர்த்தல் அடியை நிறுத்தும். உள்ளத்தை ஆற்றாது என்பதே இக்காட்சி உணர்த்தும் உண்மை.

பாவெலை மீட்டது எது? தாய் அவனை அடிக்கவில்லை, அஞ்சி ஓடவுமில்லை. அவன் தலையைத் தழுவிக்கொண்டு, நீ குடிக்க வேண்டா, உன் பங்கினையும் உன் தந்தை குடித்து விட்டான், அவன் என்னை வதைத்தது போதும், நீயேனும் இரங்கலாகாதா என்னும் கருத்துப்படப் பேசுகிறாள். நூலில் அவள் தன் துன்பத்தை மகனிடம் வாய்விட்டுச் சொல்லும் முதலிடம் இது. காஷிரின் இல்லத்தில் பாட்டி மறைக்கச் சொன்னதனை, விலாசவ் இல்லத்தில் தாய் சொல்லி விடுகிறாள். ‘தாய்’ முன்னர் எழுதப்பட்டதாயினும், பாட்டி சொல்லாமல் விட்டதனைச் சொல்லியவள் பெலகேயாவே. இவ்விரு பெண்டிரையும் அருகருகே நிறுத்தினாலன்றி இது புலப்படாது.

பெலகேயாவின் உள்ளமும் இவ்வாறே ஆறுகிறது. கணவனோடு வாழ்ந்த ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தவை தனக்கு நினைவில்லை என்று அவள் ஓரிடத்தில் கூறுகிறாள். அடி அவள் நினைவையே அழித்திருந்தது. மகனின் தோழர் அவள் இல்லத்தில் கூடி, அவள் பேசும்போது செவி சாய்த்துக் கேட்டனர். கேட்பார் கிடைத்த பின்னரே அவள் தன் வாழ்வைத் தானே கண்டாள். இந்நூலில் தாயும் மகனும் தனித்தனியே மீளவில்லை. ஒருவரை ஒருவர் மீட்கின்றனர். அரசியல் எழுச்சி என்று நாம் கூறுவது இம்மீட்சியின் மேலெழுந்த மாடமே.

6. பிற்கால ஆராய்ச்சி

ஒரு புலவனின் நுண்ணுணர்வுக்கு உளவியலார் சான்று வேண்டுவதில்லை. ஆயினும் பின்வந்த ஆராய்ச்சிகள் கார்க்கியோடு ஒத்துச் செல்லுதல் கருதத்தக்கது. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டில் பெலிட்டி, ஆண்டா முதலியோர் வெளியிட்ட ஆய்வு, இளமைத் துன்பங்களை ஏழு வகையாகப் பிரித்தது. தாய் அடிபடுதலைக் காணும் இல்லத்தில் வளர்தல் அவ்வேழனுள் ஒன்று. இத்துன்பங்கள் மிகுந்தோறும் முதிர்ந்த பருவத்தில் உடல்நோயும் உளநோயும் மிகுதலை அவர்கள் கண்டனர். குழந்தைக்கு என்ன தெரியும் என்னும் பேச்சுக்கு இங்கு இடமில்லை.

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் 1955ஆம் ஆண்டில் பிறந்த 698 குழந்தைகளின் வாழ்வை எம்மி வெர்னர் என்னும் அறிஞர் பல்லாண்டுகள் தொடர்ந்து நோக்கினார். வறுமை, பெற்றோர் பிணக்கு முதலிய இடர் மிகுந்த சூழலில் வளர்ந்தவருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்ல வாழ்வு பெற்றனர். அவர்களுக்குப் பெற்றோர் அல்லாவிடினும் பாட்டன், பாட்டி, ஆசிரியர் முதலியோருள் ஒருவரேனும் மாறாத அன்போடு துணைநின்றனர் என்பது அவர் கண்ட முடிபுகளுள் ஒன்று. அக்குலினா இவானோவ்னாவை அறிந்தார்க்கு இது புதிதன்று. 1992ஆம் ஆண்டில் ஜூடித் ஹெர்மன் எழுதிய நூலோ மீட்சியை மூன்று படிகளாகக் கூறுகிறது. அவை பாதுகாப்பு, நினைந்து துயருறுதல், மீண்டும் மக்களோடு இணைதல் என்பன. இம்மூன்றனுள் முதலாவது இன்றி ஏனைய இரண்டும் நிலைபெறா. காஷிரின் இல்லத்தில் அன்பு இருந்தது, பாதுகாப்பு இல்லை. பாட்டியின் எல்லைக்குக் காரணம் இதுவே.

அன்பினால் ஆகாததனைச் சட்டமே செய்தல் வேண்டும். 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை, கொடுமைக்கு உள்ளான குழந்தையின் உடலும் உள்ளமும் மீட்சி பெற ஆவன செய்தல் அரசின் கடன் என்று 39ஆம் உறுப்பில் கூறுகிறது. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடியுண்ட பெண் அதே இல்லத்தில் வாழும் உரிமையையும், அடிப்பவனை விலக்கி வைக்கும் ஆணையையும், குழந்தையைத் தற்காலிகமாகத் தன்பால் வைத்துக்கொள்ளும் ஆணையையும் வேண்டிப் பெற வழிசெய்துள்ளது. வர்வாராவுக்கும் பெலகேயாவுக்கும் இத்தகைய கதவு ஒன்றும் திறந்திருக்கவில்லை.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. கார்க்கியை ஆக்கியது துன்பம் அன்று. துன்பத்திடையே அவர்பால் நின்ற சிலரே. குழந்தையின் உள்ளம் மறத்தலால் ஆறுவதில்லை. பாதுகாப்பான ஓரிடத்தில், செவிகொடுப்பார் ஒருவர் முன், உள்ளதனை உள்ளவாறு சொல்லுதலால் ஆறத் தொடங்குகிறது. வலியவனை எதிர்க்கும் சுத்தியல் மட்டும் போதாது. சுங்கானைத் தாழ வைக்கச் செய்யும் சொல்லும் வேண்டும்.

‘அடியாத மாடு படியாது’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. மாட்டைப் பற்றிப் பிறந்த இம்மொழியை மக்கட்கும் மனைவிக்கும் ஏற்றிக் கூறுவார் இன்றும் உளர். அவர்கள் ‘தாய்’ நூலை முன்னரே படித்திருத்தல் கூடும். மீண்டும் ஒருமுறை அதன் தொடக்கப் பக்கங்களை நிதானமாகப் படிக்குமாறு அவர்களை யாம் வேண்டுகிறோம். கொடி ஏந்திய பாவெலைப் போற்றும் நாம், சுங்கானுக்குக் கை நீட்டிய பாவெலையும் அறிதல் வேண்டும். அவனைப் போன்ற சிறுவர் நம் தெருவிலும் நம் வகுப்பிலும் இருக்கக் கூடும். படங்களை வெட்டும் கத்தரிக்கோலை நாம் கண்டால், ஏன் வெட்டினாய் என்று அதட்டுவதற்கு முன், என்ன கண்டாய் என்று கேட்கும் பண்பு நமக்கு வாய்க்குமாயின், இந்நூல்களைக் கற்றதன் பயனை நாம் பெற்றவராவோம்.